மூன்றாம் கியருக்குப் போகாத கார்

ஆரியசாலையிலிருந்து கிளம்பிய என் பழைய ஆட்டோமேட்டிக் கார் இரண்டாம் கியரிலேயே நின்று கத்தியது. பிறகு பெரிய உதறலோடு மூன்றாம் கியர் விழுந்தது. கியர்பாக்ஸ் போயிருந்தால் வண்டியை எடைக்குத்தான் போட வேண்டும். மனைவி இறந்தபின் நான் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்கும் ஒரே ஜீவன் அது. பதற்றத்தில் ரேடியோவை அணைத்தேன், கியருக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை என்பதுபோல.

வண்டியை நேரே பட்டறைக்கு விட்டேன். மெக்கானிக் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுங்க அண்ணாச்சி, சூடானாத்தான் தெரியும்" என்றார். அந்த இருக்கையில் ஆள் உட்கார்ந்து வெகுநாளாயிற்று. விழிஞ்ஞம் சாலையில் போய்த் திரும்பும்வரை நான் வாயே மூடவில்லை.

இன்ஜின் ஓடும்போதே கியர் ஆயில் குச்சியை உருவி மோந்தார். "கருகல் வாடை இல்ல. கியர்பாக்ஸ் போகல்ல, ஆயில்தான் கொறவு. நீங்க பாக்கலியா?"

"காலையில பாத்தேனே, நெறஞ்சிருந்துது."

"இன்ஜினை அணைச்சிட்டுப் பாத்தா அப்படித்தான் காட்டும்."

ஆயில் ஊற்றி மறுபடி ஓட்டினோம். கியர் மாறுவதே தெரியவில்லை.

"ஒரு கொழப்பமும் இல்ல. எறங்கட்டா?"

"லேசா உதறின மாதிரி இல்ல?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கழற்றிய சீட் பெல்ட்டைத் திரும்ப மாட்டினார்.

"ஆமா, உதறுது. தம்பானூர் வரைக்கும் போய்ப் பாத்திருவோம். சாயா நீங்க வாங்கித் தரணும்."