அண்ணன் மேல் கட்டிய பிராது

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருசம் தள்ளிப்போட்டேன். தினமும் விளக்கேற்றுகிற கையால் கூடப்பிறந்தவர் மேல் ஊருக்கே தெரியக் குற்றம் எழுதுவதா என்று பயம். போன வாரம் அந்தப் பயம் விட்டுப்போனது.

என் வீட்டுக்காரர் செராமிக் கம்பெனியில் பவுடர் கலக்கிற இடத்தில் வேலை பார்த்தார். அங்கே சூப்பர்வைசர் என் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். வீட்டுக்காரருக்கு இருமல் நிற்காமல் போகவே, ஜங்ஷன் பக்கம் டிரஸ்ட் நடத்துகிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குடும்பத்துக்கே ஒரு அட்டை, முடிந்ததைக் கொடுத்தால் போதும். என் பிள்ளைகளின் காய்ச்சல் எல்லாம் அங்கேதான் தீர்ந்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்லுத்தூள் நெஞ்சுல படிஞ்சிருக்குதும்மா. படிஞ்சத எடுக்க மருந்து இல்ல. இனிமே படியாம பார்த்துக்கலாம். உடனே வேற எடத்துக்கு மாத்தச் சொல்லுங்க" என்று முதலாளிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதை அண்ணன் கையில் கொடுத்தோம்.

"காசுதான் வாங்கல, வியாதியாவது நெறையக் குடுப்போம்னு எழுதியிருக்காங்க மாப்ள" என்று சிரித்தார். இரண்டு நாள் கழித்து, "முதலாளி முடியாதுன்னுட்டாரு" என்றார். நம்பினோம். எட்டு மாசம் என் வீட்டுக்காரர் அதே தூளில் நின்றார்.

அடுத்த எக்ஸ்ரேயைப் பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார் டாக்டரம்மா. இன்னொரு சீட்டு எழுதி, "இத நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்றார். போனேன். முதலாளி படித்துவிட்டு, "இதுக்கு முன்னாடி எங்கிட்ட எதுவும் வரலியேம்மா" என்றார். அன்றைக்கே பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். அவ்வளவுதான் வேலை.

அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"சட்டப் பையில இருந்துச்சும்மா, தொவைக்கிறப்ப போயிருக்கும். நான் சேத்துவுட்ட ஆளே நோயாளின்னு நானே போய் நிக்கவா? எனக்கு என்ன மரியாத இருக்கும்?"

அன்றோடு மரியாதையை நானும் நிறுத்திவிட்டேன். இனி 'அவன்'தான்.

நேராகக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே பிராது கட்டுவார்கள். குறையைத் தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து, வேலில் கட்டிவிட வேண்டும். திரும்ப வாங்குவதென்றால் ராஜினாமா என்று தனியாக எழுத வேண்டும். நான் எழுதினேன்: "சாமி, பழமலைநாதர் கோயிலை ஒரு சுத்து வர என் புருசன் மூணு எடத்துல உக்காருறாரு. இதைச் செஞ்சவனுக்கும் அந்த மூச்சைக் குடு."

சேதி தெரிந்து அண்ணி வந்தார். "பிராதுன்னு கேட்டதுலேருந்து அவரு சரியா சாப்பிடறதில்லம்மா. பயந்துபோயி இருக்காரு. ராஜினாமா எழுதிக் குடுத்துடும்மா."

"அண்ணன் பயந்துதான அண்ணி இருக்குது. எங்க வூட்டுல மூச்சு வாங்கிக்கிட்டு இருக்குது" என்றேன். டீ குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது முதலாளி எல்லா ஆட்களையும் வருசத்துக்கு ஒருமுறை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். போன வாரம் அங்கே நடந்த பரிசோதனை முகாமில் கம்பெனி சார்பாக அண்ணன் மைக் பிடித்தான். "எங்க மாப்ள நெஞ்சுல தூளுன்னு தெரிஞ்சதும், டாக்டரு சீட்ட முதலாளி கையில சேத்தவன் நான்தான்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். சண்டை வேண்டாம் என்று என் வீட்டுக்காரரும் தட்டினார். பாதியில் இருமல் வந்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் மூச்சு இன்றுவரை நன்றாகத்தான் இருக்குது. சாமிக்கு அவசரம் இல்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்குது. சாமியிடம் கொடுத்தது வேலில் கிடக்கட்டும். இந்தத் தாள் அவனோடு வேலை செய்கிறவர்களுக்கும், அன்றைக்குக் கை தட்டியவர்களுக்கும்.

படித்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். எட்டு மாசம் எட்டாகவே இருக்கட்டும். அவன் அழுதான் என்று சேர்க்காதீர்கள், அழவில்லை. நான் மன்னித்துவிட்டேன் என்றும் சேர்க்காதீர்கள். கொண்டுபோகும்போது சட்டைப் பையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.