மாதேஸ்வரி அக்கா கையெழுத்து போட்ட அட்டைகள்

மாதேஸ்வரி அக்கா தவறிவிட்ட சேதி எனக்கு டீ டைமில்தான் தெரிந்தது. எங்கள் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அக்காவின் தம்பி முருகேசன் அண்ணன் விடிந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் ஒன்றும் தெரியாமல் உள்ளே நின்று வண்டிக்கு ஒயர் கட்டிக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசரிடம் பெர்மிஷன் கேட்டேன்.

"சொந்தமா?"

"அக்கா சார்."

அவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையில் ரஹீமா என்று இருந்ததைப் பார்த்தார். "மாதேஸ்வரி உனக்கு எப்படிம்மா அக்கா?"

உடம்புக்கு முடியாமல் வேலையை விடும் வரைக்கும் இதே லைனில், எனக்குப் பக்கத்தில் ஒயர் கட்டும் போர்டில் நின்றவர் அவர். அது இந்த சாருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதனால் இந்த அஞ்சலி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

அக்காவின் ஊர்க் கபடி விழாக் குழு, பொங்கலுக்கு முன்னால் வீடு வீடாகக் கொடுக்கும் இந்த மலரில் நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு வரியில் அடக்கி எழுத எனக்கு வராது. ஒரு வரி எடுத்தாலும் மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவர்கள் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். அது ஒன்றுக்கு நன்றி.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே போகும் ஊர் அவருடையது. ஓசூரில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கபடி ஆடும் பெண்களின் படம் ஒட்டிய சின்ன அட்டைகளில் அவர்களிடமே கையெழுத்து வாங்கிச் சேர்த்தார். அதைத்தான் எல்லோரும் பைத்தியம் என்றார்கள்.

அது தொடங்கின கதையை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு கிருஷ்ணகிரியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துப் பள்ளி மைதானத்தில் பெண்பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பாடிப் போன ஒரு பிள்ளையின் காலை மூன்று பேர் பிடித்து இழுக்க, அவள் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். மைக்கில், "அஞ்சாம் நம்பர், மூணு பாயிண்ட்" என்றார்களாம். பேரைச் சொல்லவில்லை. அக்கா நேராக அந்தப் பிள்ளையிடம் போய்ப் பேர் கேட்டு, பையில் இருந்த கல்யாணப் பத்திரிகையை நீட்டி, "இதுல கையெழுத்து போடு கண்ணு" என்றார். அந்தப் பிள்ளை அதுவரைக்கும் பரீட்சைக்குத் தவிர எதற்கும் கையெழுத்து போட்டதில்லை.

கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு வழவழவென்று அச்சடித்த அட்டை கடையிலேயே கிடைக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு யார் அச்சடிப்பார்கள்? அக்கா தானே செய்தார். முடிந்துபோன கல்யாணங்களின் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டுவார். ஸ்டுடியோவில் சின்னதாக எடுத்த படத்தை ஒரு பக்கம் ஒட்டுவார். மறுபக்கம் பாதி மாப்பிள்ளை பேரும் பாதி முகூர்த்த நேரமும் இருக்கும். மூலையில் தடவிய மஞ்சள் சில அட்டைகளில் இன்னும் இருக்கிறது.

ஒவ்வொருத்திக்கும் இரண்டு அட்டை. ஒன்றில் அவள் கையெழுத்து போட்டு அக்காவிடம் கொடுப்பாள். இன்னொன்றில் அக்கா எழுதி அவளிடம் கொடுப்பார். அதில் "பார்த்தேன். மாதேஸ்வரி" என்று மட்டும் இருக்கும்.

"நீங்க எதுக்கு அக்கா கையெழுத்து போடறீங்க? நீங்க என்ன ஆட்டக்காரியா?" என்று நான் ஒருநாள் சிரித்தேன்.

"நானும் ஆடினவதான். எட்டாவது வரைக்கும். எவ பாத்தா? எவ சாட்சி? இவளுக்கு நாளைக்கு ஒருத்தி சாட்சி வேணும்ல."

அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

தெருவில் சும்மா விடவில்லை. "ஏண்டி மாதேஸ்வரி, எம்பொண்ணு பத்திரிகையை வெட்டிப்புட்டியாமே" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார்.

"சாப்பிட்டாச்சு, மொய் வெச்சாச்சு. இனி அதுக்கு வீட்டுல என்ன வேலைங்க்கா?" என்றார் அக்கா.

கொஞ்ச மாதத்தில் அந்தப் பெண் புருஷனை விட்டுத் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். பத்திரிகையை வெட்டினதால் வந்த வினை, கல்யாணம் ஆகாதவள் கை பட்டால் இப்படித்தான் என்று பேசினார்கள். அந்தப் பெண்ணை அவள் புருஷன் அடித்தான். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். அவனை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. பழியைக் கத்தரிக்கோல் மேல் போட்டார்கள். அதிலிருந்து அக்காவுக்குப் பத்திரிகை வைப்பதையே நிறுத்திக்கொண்டார்கள்.

என் வீட்டில் என் நிக்காஹ் பத்திரிகை மிச்சம் ஒரு கட்டு கிடந்தது. பச்சை நிறத்தில் நல்ல கெட்டி அட்டை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். "உனக்குப் பயமில்லையா?"

"வெட்டுங்க அக்கா."

என் பேரும் என் வீட்டுக்காரர் பேரும் துண்டு துண்டாக எத்தனையோ ஆட்டக்காரிகளின் பின்பக்கம் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இன்றைக்கும் குழம்பில் உப்பு குறைந்தால்தான் சண்டை போடுகிறார்.

கம்பெனியிலும் இதே கதைதான். பெரிய ஆபீசர் ஒருத்தர், கிரிக்கெட் ஆட்டக்காரர் கையெழுத்து போட்ட அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். பெங்களூரில் ஓட்டல் வாசலில் காலையிலிருந்து நின்று வாங்கினாராம். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை. அவரை எல்லோரும் பெரிய ரசிகர் என்றார்கள். அக்கா மைதானத்து வெயிலில் நின்று வாங்கினால் பைத்தியம். அக்கா அந்தச் சட்டத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "கையெழுத்து போட்டவரு இவரு முகத்தைப் பாத்திருப்பாருங்கற? பேனாவைத்தான் பாத்திருப்பாரு."

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவின் ஊரில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடக்கும். ஆண்கள் மட்டும்தான். பெண்கள் ஆட்டம் ஒன்று வையுங்கள் என்று அக்கா வருஷா வருஷம் குழுச் செயலாளர் சென்றாயனிடம் போய் நிற்பார். மூன்று வருஷம் முன்னால் ஒருவழியாகச் சரி என்றார்கள். அக்கா ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருந்த ஓசூர்ப் பிள்ளைகளோடு ஆட, கர்நாடகா எல்லையோரத்திலிருந்து ஒரு பெண்கள் அணி டெம்போவில் வந்தது. அதன் தலைவி நாகவேணி. அவளைப் பற்றி அக்கா கேள்விப்பட்டிருந்தாரே தவிர அவள் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அந்த ஏழு பேருக்கும் முன்கூட்டியே போனில் படம் வாங்கி, அட்டை செய்து, புதுப் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன்.

பிள்ளைகள் முழங்கால் பட்டை மாட்டிக்கொண்டு மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் அரையிறுதி இழுத்துக்கொண்டே போனது. அப்புறம் பரிசு கொடுக்கப் பெரிய மனிதர் ஒருத்தர் வந்தார், அவருக்கு மாலை, பேச்சு. கடைசியில் மைக்கில் சொன்னார்கள்: "நேரமின்மை காரணமாக மகளிர் ஆட்டம் ரத்து செய்யப்படுகிறது. வந்து சிறப்பித்த சகோதரிகளுக்கு நன்றி." இருட்டிவிட்டது, பொம்பளைப் பிள்ளைகள் பத்திரமாக வீடு போக வேண்டும் என்று காரணம் வேறு. அதே இருட்டில் லைட்டைப் போட்டு ஆண்கள் இறுதி ஆட்டம் நடந்தது.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்க்கா" என்றார் சென்றாயன்.

"அடுத்த வருசம் இவளுக கல்யாணப் பத்திரிகைதான் வரும் சென்றாயா. அப்ப நீ என்ன பண்ணுவ?"

அக்கா ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். நாகவேணி கன்னடத்தில் போட்டாள். பிறகு அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுதாமல் இருந்தார். கடைசியில் ஏழிலும், "பார்க்க வந்தேன். மாதேஸ்வரி" என்று எழுதிக் கொடுத்தார்.

அக்கா சொன்னபடியே நாகவேணியின் பத்திரிகை வந்தது. வேப்பனப்பள்ளி பக்கம் மாந்தோப்புக்குள் மாமியார் வீடு. கல்யாணத்தோடு ஆட்டம் நின்றுபோனது என்று கேள்விப்பட்டு, அக்கா அந்தப் பத்திரிகையையே வெட்டி, மணமகள் நாகவேணி என்ற எழுத்து பின்னால் வருகிற மாதிரி ஒரு அட்டை செய்தார். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

"யாரும்மா? பொண்ணு வீட்டு சொந்தமா?" என்றார் மாமியார்.

"இல்லீங்க. உங்க மருமகளோட ரசிகை."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எம் மருமக எந்த சினிமாவுல நடிச்சா?"

"அதைவிடக் கஷ்டமானதுங்க. மூச்சு விடாம எதிராளி வீட்டுக்குள்ள போயி, தொட்டுட்டு, பிடிபடாம திரும்பி வரணும்."

மாமியார் சிரிப்பை நிறுத்தி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். நாகவேணி ராகிக் களி கிண்டின கையோடு வந்து கையெழுத்து போட்டாள். அந்த மாவுத் தடம் இப்போதும் அட்டையில் இருக்கிறது. பிறகு உள்ளே போய்ப் பழைய அட்டையை எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினாள்.

"அக்கா, இதுல பார்த்தேன்னு மாத்திக் குடுங்க."

"பாக்காததைப் பாத்தேன்னு எழுத மாட்டேன் கண்ணு. நீ ஆடு. நான் வந்து பாத்துட்டு அதுக்குக் கீழயே எழுதறேன்."

"எங்க ஆடறது அக்கா?"

அக்கா அந்த அட்டையைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தார். அதற்கப்புறமும் இரண்டு பொங்கல் வந்தது. இரண்டுக்கும் அக்கா சென்றாயனிடம் போய் நின்றார். இரண்டாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார், அவ்வளவு முடியவில்லை. "பாக்கலாம்க்கா" என்றே அனுப்பினார்கள்.

சாவு வீட்டில் முருகேசன் அண்ணன், அட்டைகள் இருந்த எவர்சில்வர் சம்படத்தை எடுத்துவந்து அக்கா காலடியில் வைத்தார். "ஆசையா வெச்சிருந்தது. கூடவே போகட்டும்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, பாசத்தில் சொன்னார். ஆனால் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, இதுல அக்கா கையெழுத்து ஒண்ணுகூட இல்ல. எல்லாம் உசுரோட இருக்கற பொண்ணுங்க கையெழுத்து. இதை எரிக்காதீங்க."

"வெளியாளுங்க பேசக் கூடாதும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முருகேசன் அண்ணன் அதைக் காதில் வாங்காமல் சம்படத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

அப்போதுதான் நாகவேணி வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட வந்தது அந்த மாமியார்தான். இன்னும் எங்கெங்கிருந்தோ ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் அட்டை. ஒருத்தி யூனிபாரத்தோடு வந்திருந்தாள், ஒருத்தி நிறைமாதம். அவர்கள் அட்டைகளில் "பார்த்தேன்" என்று இருந்தது. நாகவேணி தன்னுடையதை என்னிடம் காட்டினாள். "பார்க்க வந்தேன்" என்றே இருந்தது.

"இனி யாரு அக்கா எழுதுவா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு நான் இருக்கும்போதுதான் சென்றாயன் இரண்டு பேரோடு என் வீட்டுக்கு வந்தார். வருகிற பொங்கலுக்கு மாதேஸ்வரி நினைவுச் சுழற்கோப்பை வைக்கிறார்களாம். அட்டைகளை மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம்.

"கோப்பை யாருக்கு?" என்று கேட்டேன்.

"ஆண்கள் பிரிவுக்குத்தான் பாயம்மா. அதுக்குத்தான் ஸ்பான்சர் இருக்கு."

உயிரோடு இருந்தபோது ஒரு ஆட்டம் கேட்டு வாசலில் நின்றவருக்கு இல்லை என்றவர்கள், செத்த பிறகு அவர் பேரை ஆண்கள் கோப்பையில் பொறிக்கிறார்கள். எந்த மைதானத்தில் அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்களோ, அங்கேயே அவர்கள் முகத்தைக் கண்ணாடிக்குள் வைத்து வேடிக்கை காட்டப் போகிறார்கள். இதற்கு மரியாதை என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

"சம்படம் வராது" என்றேன். "மொதல்ல அந்தப் பொண்ணுங்க ஆடட்டும். அப்புறம் நானே தலையில வெச்சுக் கொண்டுவர்றேன்."

"சரிம்மா, காட்சிக்கு ஒரு ஆட்டம் மாதிரி..."

"காட்சிக்கு வேணாம். கோப்பைக்கு ஆடட்டும்."

குழுவில் பேசிச் சொல்கிறேன் என்று போனார். இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் பதில் இல்லை. அதனால் இந்த மலரைப் படிக்கிற ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். அதே மைதானத்தில், அதே மைக்கில், நம்பரைச் சொல்லாமல் பேரைச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பெண்கள் ஆட்டம் முதலில் நடக்க வேண்டும். முடியாது என்றால் கோப்பையிலிருந்து அக்காவின் பேரை எடுத்துவிடுங்கள். உங்கள் பேரையே போட்டுக்கொள்ளுங்கள். நாகவேணியை அனுப்பி வைப்பதாக அவள் மாமியார் என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். மாமியாரே சரி என்ற பிறகு குழுவுக்கு என்ன தயக்கம்?

அக்காவின் கருமாதிப் பத்திரிகை வந்தது. அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றார்கள். சம்படத்தில் பேனாவோடு கிடந்த அக்காவின் கத்தரிக்கோலாலேயே நான் அதை வெட்டினேன், மற்ற அட்டைகளின் அளவுக்கு. ஒரு பக்கம் அக்காவின் முகம். மறுபக்கம் வெறும் வெள்ளை. அதில் "பார்த்தேன். ரஹீமா" என்று எழுதிச் சம்படத்தில் மேலாக வைத்திருக்கிறேன்.

போய் வாருங்கள் அக்கா. நாகவேணியின் அட்டையில் உங்கள் எழுத்துக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அதை நான் பொய்யாக நிரப்ப மாட்டேன். பொங்கலன்று கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் வாங்கின அந்தப் பேனா என் பையில்தான் இருக்கிறது.