வசனம் இல்லாத கடைசிக் காட்சி

அத்தையின் நாடகங்களில் சொல்பேச்சு கேட்காதவர்களுக்கு ஆயுசு கெட்டியில்லை. அம்மா பேச்சைக் கேட்காத ஆட்டுக்குட்டி கிணற்றில் விழும். அப்பா பேச்சை மீறிப் பரிசல் ஏறிய பையன் காவிரியோடு போவான். கேட்டு நடந்தவர்கள் கடைசிக் காட்சியில் கைகட்டி நின்று "சரிங்கப்பா" என்பார்கள். கைதட்டல் விழும், பிறகு எல்லோருக்கும் கேக். மைசூரில் எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் நாடகம் வருடா வருடம் இப்படித்தான் முடியும்.

அத்தை என் அப்பாவின் தங்கை, பள்ளிக்கூட டீச்சர், எங்களோடுதான் இருந்தார்; என்னைக் கன்னடத்தில் 'புட்டி', அதாவது சின்னப் பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகள் யாருக்கும் தமிழ் வாசிக்க வராது என்பதால் தமிழ் வசனங்களைக் கன்னட எழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். நாங்களும் அதைக் கன்னடம் மாதிரியே இழுத்துப் படித்துத் திட்டு வாங்குவோம்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் நான்தான் மகள் வேஷம். அப்போது வீட்டில் அத்தையின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பெங்களூர். அத்தைக்கோ மேலே படிக்க ஆசை, பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்திருந்தது. ஆனால் அண்ணன் முன்னால் நின்று வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சமையலறையில் அம்மாவிடம் சொல்லி அழுததோடு சரி.

நாடகத்தில் அப்பா மகளைக் கூப்பிட்டு, "நான் பார்த்த இடத்துக்குத்தான் நீ போக வேண்டும்" என்கிறார். அடுத்து என் வசனம் வரவேண்டிய இடத்தில் தாளில் ஒன்றுமே இல்லை.

"அத்தே, இங்க நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாத, புட்டி. அவரை ஒரு தடவை பாத்துட்டு, சும்னே, பேசாம இறங்கி வந்துடு."

"வசனம் மறந்துட்டேன்னு நினைச்சுப்பாங்கல்ல?"

"நினைக்கிறவங்க நினைக்கட்டும். புரிய வேண்டியவங்களுக்குப் புரியும்."

நாடகத்தன்று முன்வரிசையில் அப்பா செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா வேஷத்தில் ஒட்டுமீசை வைத்த பையன் தன் வசனத்தைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் பேசவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அத்தை, வா என்று கையசைத்தார். ஓரடி எடுத்தும் வைத்துவிட்டேன். அதற்குள் அப்பா, பெண் வசனத்தை மறந்து தவிக்கிறாள் என்று பதறிப்போய், போனைத் தாழ்த்தி எடுத்துக்கொடுத்தார்.

"சரிங்கப்பான்னு சொல்லும்மா."

அப்பாவே சொன்ன பிறகு என்ன செய்வது? திரும்பி வந்து, கைகட்டி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி "சரிங்கப்பா" என்றேன். அப்படியொரு கைதட்டலை அந்த ஹால் அதுவரை கேட்டதில்லை.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தங்கைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவர் நம்பினார். ஆட்டோவில் வீடு திரும்பும்போது அவர் முகமெல்லாம் பூரிப்பு.

"நாடகம் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. புதுவருசம் முடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள வரச் சொல்லிடட்டா?"

அத்தை என்னை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் என் கன்னத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. என்னைப் பார்த்தார், கோபமே இல்லை.

"சரிங்கண்ணா" என்றார்.

அத்தையின் நாடகம் சந்தி சிரிக்காமல் காப்பாற்றிக் கொடுத்துவிட்டோம் என்ற பெருமை எனக்கு. வீடு வரும்வரை அவர் மடியில் உட்கார்ந்தபடி அந்த ஒரு வசனத்தையே திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.