ஒரு சாணும் நாலு விரலும்

கண்களை இறுக மூடிக்கொண்டுதான் தோன் அனியெல்லோ மண்டியிடுவார். கையில் ஒலிவமரக் கோல். அதன் அடியை மேடைப் பலகையில் ஊன்றிவிட்டுக் கட்டைவிரலை மேலே ஊரவிடுவார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கோலில் கத்தியால் கீறிய பள்ளம் ஒன்று உண்டு. நாட்டியக்காரியின் பாவாடை விளிம்பு அந்தப் பள்ளத்தில் விரலைத் தொட்டால் சரி. பள்ளம் வந்தும் துணி வரவில்லை என்றால், "ஐயோ மாதாவே!" என்று அலறிப் பின்னால் சாய்வார். சாய்வதற்கு வசதியாகப் பின்னால் ஒரு திண்டு போட்டிருக்கிறது.

இத்தனையும் பார்க்காமலே செய்வதில்தான் அவருக்குப் பெருமை. "நான் பாக்கல. ஆனா தெரிஞ்சுது" என்பார், கோலைத் துடைத்தபடி.

நேப்பிள்ஸ் ராஜ நாடகசாலையில் அவருக்கு உடை ஆய்வாளர் என்று பெயர். உண்மையில் அரண்மனை அவருக்குச் சம்பளம் கொடுப்பது அதிர்ச்சி அடைவதற்காக. சம்பளமே இல்லாமல் அதிர்ச்சி அடைய ஊரில் எத்தனையோ பேர் தயாராக இருந்தும் வேலை இவருக்குக் கிடைத்தது, காரணம் முழங்கால்கள். அவருடைய கால்சராயில் முழங்கால் இரண்டும் வெளுத்துப்போயிருக்கும். தேவாலயத்தில் தேய்ந்தது பாதி, மேடையில் தேய்ந்தது பாதி. எது எந்தப் பாதி என்று கேட்பது மரியாதை இல்லை.

வீட்டுக்குப் போகும்போது தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்வார். சந்துகளில் தலைக்கு மேலே உள்பாவாடைகள் காய்கின்றன, அதனால். வாரம் ஒருமுறையாவது மக்ரோனி விற்பவனின் அண்டாவில் போய் முட்டிக்கொள்வார். "தோன் அனியே! மேல பாத்தா பாவம், கீழ பாத்தா அண்டா. எதையாவது ஒண்ண முடிவு பண்ணுங்க!" என்று அவன் கத்துவான்.

உடைக்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் தொன்னா ரெஸ்தித்தூத்தாவுக்கு அவரைக் கண்டால் வாய் நிற்காது. "எங்க காலத்துல வளையம் வச்ச பாவாடை. உள்ள ரெண்டு ஆட்டுக்குட்டிய ஒளிச்சு வச்சாக்கூட வெளிய தெரியாது. அப்ப நீர் இருந்திருந்தா உமக்கு வேலையே இல்ல" என்பாள்.

வேலை வந்தது பாரிஸ் மோஸ்தரோடு. மெல்லிய வெள்ளைத் துணியை ஐந்தாறு அடுக்காக வைத்துத் தைத்த பாவாடை. கீழே குதிகால் இல்லாத மென்செருப்பு. ஒரு சுற்றுச் சுற்றினால் குடைபோல விரிந்துவிடும். விரிந்தால் உள்ளே என்ன இருக்கிறது? கால் இருக்கிறது. இந்தத் தகவல் அரண்மனையை உலுக்கிவிட்டது. உடனே உத்தரவு போட்டார்கள்: பாவாடை ஒரு சாணுக்கு மேல் ஏறக் கூடாது, உள்ளே இடுப்புவரை ஏறும் பட்டுக் காலுறை பச்சை நிறத்தில் இருக்க வேண்டும். பச்சைக் காலைப் பார்த்து யாருக்கும் தப்பான எண்ணம் வராதாம். வரவில்லைதான். வான தேவதைகள் மிதந்து வரும்போது மேல்மாடியில் இருப்பவர்கள் தவளைபோலக் கத்தினார்கள்.

காலுறைகளையும் ஆய்வது தோன் அனியெல்லோவின் பொறுப்பு. அதைக் கண் திறந்தே செய்வார். பின்முற்றத்துக் கொடியில் காயும்போது உள்ளே கால் இருப்பதில்லை அல்லவா?

இந்த ஒரு சாண் விஷயத்தில் அவரிடம் பல மாதமாக மோதிக்கொண்டிருந்தவள் பிரிஜிதா. இருபது வயது, மீன்சந்தைப் பக்கத்துப் பெண், விரல்நுனியில் நிற்கப் பழகியவள்.

"நாலே நாலு விரல் விட்டுக் குடுங்க தோன். ஒரு வருஷமா ரத்தம் வர வர நுனிக்கால்ல நிக்கப் பழகியிருக்கேன். காலே தெரியலன்னா நான் ஆடுறேனா, வண்டியில உக்காந்து போறேனான்னு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"நாலு விரலா! ஐயோ மாதாவே!" திண்டில் சாய்ந்தார்.

போன வியாழக்கிழமை மதியம் ஒத்திகை. புதிதாகப் போட்ட காஸ் விளக்குகளை அன்றுதான் முதன்முதலாக ஏற்றினார்கள். சீமான்களும் சீமாட்டிகளும் வந்திருந்தார்கள். பிரிஜிதா ஓடிவந்து துள்ளினாள், பாவாடை விரிந்தது. பல சலவை கண்டு வெளிறியிருந்த அந்தப் பச்சை, காஸின் மஞ்சள் வெளிச்சத்தில் காணாமல் போயிற்று. வெறும் கால் தெரிந்தது. அதாவது, வெறும் கால்போலத் தெரிந்தது.

ஒரு சீமாட்டி விசிறியைத் தவறவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் அதை எடுக்கக் குனிந்து, குனிந்த இடத்திலிருந்து இன்னும் நன்றாகப் பார்த்து அலறினாள். தோன் அனியெல்லோ மேடையோரத்தில் வாய் பிளந்து நின்றார். "ஐயோ மாதாவே" வரவில்லை.

நாடகசாலைக்கு மேலதிகாரியான பிரபு எழுந்தார். "விளக்க அணை! ஆடுனவளையும் சாயம் போட்டவளையும் இப்பவே ஜெயில்ல தள்ளு!"

"பச்சைதான் பிரபு! நானே அண்டாவுல முக்கி எடுத்தேன்" என்று ஓடிவந்தாள் ரெஸ்தித்தூத்தா. "வேணும்னா இவள ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போய்ப் பாருங்க."

"இன்னொரு தடவை பாக்கறதா?" பிரபு மார்பைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் சில கனவான்கள் கடமை என்று கருதி அந்த இரண்டாம் அதிர்ச்சியையும் தாங்கிக்கொள்ளத் தயாராக எழுந்தார்கள். அவர்களை உட்காரவைத்துவிட்டுப் பிரபு திரும்பினார். "அனியெல்லோ! உத்தரவுப்படி நீதான சோதிக்கிறவன்? சொல்லு. இப்ப மேடையில தெரிஞ்சது பச்சையா, சதையா?"

எப்போதும் சொல்வதைச் சொல்லியிருந்தால் போதும். நான் பாக்கல. அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா ஊர்வலத்தில் தேவாலயச் சபையின் கொடியைப் பிடிக்கப்போவது அவர்தான். ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த கொடி. மேடையில் பிரிஜிதா பாவாடையை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். காவலாளி ஏற்கெனவே ரெஸ்தித்தூத்தாவின் முழங்கையைப் பிடித்திருந்தான்.

"பச்சை, பிரபு."

"நீதான் பாக்கறதே இல்லன்னு ஊரே சொல்லுதே. உனக்கு எப்படிடா தெரியும்?"

தோன் அனியெல்லோ கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தேன்."

"என்னது?"

"பாத்தேன் பிரபு. கண்ணத் தொறந்து பாத்தேன். இன்னிக்கு மட்டுமில்ல, பதினோரு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பச்சைதான்."

அரங்கம் அதிர்ந்தது. விழாத விசிறிகளும் விழுந்தன. பிரிஜிதாவின் காலை அந்த நிமிடத்திலேயே எல்லோரும் மறந்துவிட்டார்கள். காவலாளிகூடப் பிடியை விட்டுவிட்டு வாயில் கை வைத்தான். மாடியில் ஒரு பெண் எழுந்து போகும் சத்தம் கேட்டது. அது அவருடைய மனைவி.

ஊர்வலக் கொடியை விலாங்குமீன் விற்பவன் பிடித்தான். தோன் அனியெல்லோவின் தலையணை சமையலறைக்கு மாறியது. வேலை மட்டும் போகவில்லை. நன்றாகப் பார்க்கிற ஆய்வாளர் ஒருவர் இருப்பது நல்லதுதானே என்று அரண்மனையில் யோசித்தார்களாம். மக்ரோனிக்காரன் அவரைக் கண்டதும், "வாங்க தோன், இன்னிக்கு மேல நல்ல துணியா காயுது!" என்கிறான். அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக அண்டாவில் முட்டுகிறார்.

நாட்டியப் பெண்களுக்கு அவரைக் கும்பிடுவதா அறைவதா என்று தெரியவில்லை. "நெஜமாவே பாத்தாராக்கா?" என்று ரெஸ்தித்தூத்தாவைக் கேட்டார்கள். "எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்" என்று அவள் சாயத்தைக் கிண்டினாள்.

திங்கட்கிழமை காலை பிரிஜிதா முதல் ஆளாக வந்து நின்றாள். அவள் பாவாடையின் விளிம்பு புதிதாக மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. ஒருத்தி திண்டைக் காலால் தள்ளிச் சரியான இடத்தில் வைத்தாள்.

தோன் அனியெல்லோ மண்டியிட்டார். கண்களை மூடினார்.

"இன்னும் எதுக்கு தோன் இந்த வேஷம்? அதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

அவர் இன்னும் இறுக மூடிக்கொண்டார். கட்டைவிரல் கோலில் ஏறியது. பள்ளம் வந்தது, துணி வரவில்லை. விரல் தயங்கி மேலே போயிற்று. ஒரு விரல், இரண்டு, மூன்று. நான்காவதில் துணி தட்டுப்பட்டது. பெண்கள் திண்டையே பார்த்தார்கள்.

"ஒரு சாண்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே, கட்டைவிரலை மெல்லக் கீழே இறக்கிப் பள்ளத்தில் வைத்துக்கொண்டார்.