பதினொரு கடிகாரங்களும் ஒரு மூச்சும்

“எழுபத்திரண்டு,” என்றாள் மச்சினி.

“இருக்காது. அந்தக் கடிகாரம் மெதுவா ஓடுது,” என்றார் நிமிஷம்.

“நீங்க ரிப்பேர் பண்ணினதுதானே, அத்தான்.”

“அப்ப வேற யாரோ கை வெச்சிருக்காங்க.”

கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர். யார் வந்து நின்றாலும் “ஒரு நிமிஷம்” என்பதால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. வீட்டின் முன்னறைதான் கடை. அந்த வாரம் அவருக்குச் சளி. ஒரே தும்மலில் மேஜையிலிருந்த குட்டித் திருகாணிகள் எல்லாம் பறந்துபோக, அவரும் மச்சினியும் தரையில் தவழ்ந்து பொறுக்கினார்கள். அதே மூக்கோடுதான் மூன்று மாத மகளைக் கொஞ்சினார். சில நாட்களில் குழந்தைக்கும் மூக்கு ஒழுகியது. பிறகு மூச்சு வாங்கியது. போனில் கேட்டதற்கு, ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள், அறுபதைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள் மருத்துவமனையில்.

அவர் கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். எழுபத்தொன்று. எழுபத்துமூன்று. மறுபடி எழுபத்திரண்டு. பதினோராவதும் அதையே சொன்னது.

“மொத்தமும் கெட்டுப்போச்சு போல,” என்று திருப்புளியை எடுத்துப் பின்மூடியைக் கழற்றப் போனார்.

“ரெண்டு தடவை உறிஞ்சிட்டுப் பாலை விட்டுடறா,” என்றாள் அவர் மனைவி, குழந்தையை மடியில் வைத்தபடி.

மச்சினி குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

“இதையும் கழற்றிப் பார்ப்பீங்களா, அத்தான்?”

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அவர் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார், கையில் ஒரு டைம்பீஸோடு.

“நமக்கு இது வெறும் சளி,” என்றார் மருத்துவர். “இந்த வயசுல நுரையீரலோட சின்னக் குழாயெல்லாம் வீங்கி அடைச்சுக்கும். இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம்.”

“உங்க சுவர்க் கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னாடி இருக்கு,” என்றார் நிமிஷம்.

குழந்தைக்கு மூக்கில் ஆக்ஸிஜன், குழாய் வழியே பால். அவர் ஸ்டூல் மேல் ஏறி அந்தக் கடிகாரத்தைத் திருத்தப்போய், அங்கேயே தும்மினார். செவிலியர் அவரை வெளியே அனுப்பினார். நான்கு நாள் கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றார்.

ஐந்தாம் நாள் குழந்தை தானே பால் குடித்தது. இன்னும் இரண்டு நாள் வீட்டில் மூச்சை எண்ணச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மச்சினியிடம் நீட்டினார்.

“நீயே எண்ணும்மா. எத்தனை வந்தாலும் அப்படியே சொல்லு. நான் திருப்புளியைத் தேடினா, கையில அடி.”