ஏழு கார்களுக்கு ஒரு புல்லர்

ஆரணியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு சத்தம் பழக்கம். பின்சக்கரத்தின் நடுவில் இறுகிக் கிடக்கும் ஹப்பைக் கழற்ற வழி இல்லாமல் மெக்கானிக் சம்மட்டியால் அடிக்கிற சத்தம் அது. தனசேகரன் தன் அம்பாசிடரைப் பட்டறையில் விட்டுவிட்டு அந்தச் சத்தத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். கொஞ்ச நேரத்தில் பிரேக் டிரம் விண்டு விழுந்தது. "பழைய வண்டின்னா அப்பிடித்தான் சார்" என்றார் மெக்கானிக், துளி வருத்தம் இல்லாமல்.

"அப்பிடித்தான்" என்ற சொல் தனசேகரனுக்கு ஆகவே ஆகாது. அவனுக்குப் பட்டு நூல் முறுக்கும் தொழில். ஓர் இழை தளர்ந்து ஓடினாலும் மெஷினை நிறுத்திவிட்டு, எங்கே தளர்ந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி ஓட விடுவான். மற்ற முறுக்குப் பட்டறைகளில் மதியத்துக்குள் முடிகிற வேலை அவனிடம் சாயங்காலம் முடியும். ஆனால் அவன் முறுக்கிக் கொடுத்த நூல் தறியில் அறுந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

ஹப்பை இழுப்பதற்கென்றே புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது. கனத்த இரும்புத் தகட்டை ஹப்பில் போல்ட்டு வைத்து இறுக்கி, நடுவில் இருக்கும் திருகுக் கம்பியைத் திருகினால் போதும். அடி, உதை எதுவும் இல்லாமல் ஹப் வெளியே வந்துவிடும். ஆனால் ஒரு காருக்கு அது சில வருஷங்களுக்கு ஒரு தடவைதான் தேவைப்படும். அதற்காக யார் காசு போட்டு வாங்கி வீட்டில் வைப்பார்கள்? எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெட்டி கருவி வாங்கிவிட்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது.

தோன்றியதே தவிர, ஏழு பேரை ஒரு பேச்சுக்குக் கொண்டு வருவதற்குள் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருவர் வாட்ஸப்பில் கும்பிடு போடுவார், பணம் தரமாட்டார். ஒருவர் பணம் தந்துவிட்டு மறுநாளே திருப்பிக் கேட்பார். ஜீப் வைத்திருந்த தனகோடி வாய்விட்டுச் சிரித்தார்.

"யோவ் சேகரு, என் ஜீப்பே எனக்கு சொந்தமா, பேங்க்குக்கு சொந்தமான்னு தெரியாம முழிச்சிகினு கீறேன். இதுலே ஸ்பேனருக்கு ஏழு பங்காளியா?"

எல்லோரும் ஒருவழியாகச் சம்மதித்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கக்கூடாது என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒரே குரலில் சொன்னது அது ஒன்றைத்தான். தனசேகரன் ஆவணி வரை காத்திருந்தான்.

வேலூர் லேத் பட்டறையில் பக்கத்தில் நின்றே புல்லரைச் செய்து வாங்கினான். அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் பொருந்தும்படி தகட்டில் இரண்டு வரிசை ஓட்டைகள். அதோடு வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி, முன்சக்கரத்துக் கிங்பின் புஷ் கடையும் ரீமர் என்று மற்றவர்கள் வாங்கிக் கொடுத்த இன்னும் சில. தறிச் சாமான் செய்கிற தச்சர் ஒருவர், ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் உட்காரும்படி மரப்பெட்டி செய்து தந்தார். அக்கா அபிதகுசாம்பாள் கித்தான் துணியில் உறைகள் தைத்துக் கொடுத்தாள். எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தான். யார் வாங்கிப் போனாலும் அவன் சொன்னது ஒன்றுதான்: "எண்ணெத் துணிய மட்டும் எடுத்துடாதீங்க."

சொன்னது ஆண்களிடம். பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

முதலில் எடுத்துப்போனவன் துரைக்கண்ணு. பெரணமல்லூரிலிருந்து மின்வாரிய வேலைக்கு வந்து போகிறவன். ஏலத்தில் எடுத்த பியட் கார் ஒன்று வைத்திருந்தான். வேலை முடிந்ததும் பெட்டியை அடுத்த முறைக்காரர் சிவப்பிரகாசத்தின் வீட்டில் கொண்டுபோய் வைத்தான். சிவப்பிரகாசம் பெரிய ஜவுளிக்காரர். ஊரில் நிறைய தறிகளுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிறவர். தனசேகரனின் மெஷின்கள் ஓடுவதும் அவர் கொடுக்கிற நூலில்தான். அவருடைய அம்பாசிடரில் ஒரு பக்கச் சக்கரத்து வேலை ஒரே நாளில் முடிந்தது. பெட்டி மட்டும் வரவில்லை. மழை, தீபம், விருந்தாளி என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. கார்த்திகை முடியும்போது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய டிரைவர் சடையப்பன் பெட்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார்.

"பேஜார் புடிச்ச கனம்பா இது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அம்மா அப்பவே ரெடி பண்ணி பூஜை ரூமாண்ட வச்சிட்டாங்க. வெள்ளிக்கிழமையா பார்த்துதான் அனுப்பணும்னு சொல்லிகினே இருந்தாங்க. உப்பு, மஞ்சள் எல்லாம் வச்சிருக்காங்க, மரியாதையா எடுத்துக்கோ."

"இன்னா வச்சிருக்காங்க?"

"உப்பு."

தனசேகரன் அங்கேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். எண்ணெய்த் துணிகள் ஒன்றும் இல்லை. இரும்பையெல்லாம் சுத்தமாகத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, புதுத் துண்டு விரித்து அதன் மேல் அடுக்கியிருந்தது. நடுவில், புல்லரின் மேலேயே, மஞ்சள் துணியில் கட்டிய ஒரு முடிச்சு. அதற்குள் மஞ்சள் கிழங்கும் கல்லுப்பும். மழைக் காற்றில் உப்பு நீர்த்துக் கசிந்து, துண்டை நனைத்து, திருகுக் கம்பியின் மரை முழுவதும் இறங்கியிருந்தது. மரை செங்கல் நிறத்தில் இருந்தது. கம்பியில் கம்பு கோத்து முழு பலத்தோடு திருகிப் பார்த்தான். அசையவில்லை.

இரவல் வாங்கியதை யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. பாத்திரம் என்றால் ஒரு கரண்டி சர்க்கரையாவது இருக்கும். சிவப்பிரகாசத்தின் மனைவி சுபலட்சுமி அதையே இன்னும் சிறப்பாகச் செய்திருந்தாள். புதுமனைக்குக் கொண்டுபோவதைப் போல உப்பும் மஞ்சளும். யாரோ எண்ணெய்க் கந்தல் சுற்றி அனுப்பிய பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பினால் அவளுக்கல்லவா அசிங்கம்?

சிவப்பிரகாசத்துக்குப் போன் செய்தான். புல்லர் துருப்பிடித்து இறுகிவிட்டது என்ற வரைக்கும்தான் சொல்ல முடிந்தது.

"எனக்குத் தெரியும் சேகரு!" என்றார் அவர். "அந்த துரைக்கண்ணு மாட்டுக் கொட்டாய்லே போட்டிருப்பான். பொருளோட அருமை தெரியாதவன்கிட்டே குடுத்தா இப்படித்தான். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லு. அவன் பங்கைக் குடுத்து அனுப்பிடலாம்."

"இல்லீங்கண்ணா, அது வந்து..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அடுத்த நிமிஷமே வாட்ஸப் குழுவில் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தது, காரணமும் பெயரும் சேர்த்து.

துரைக்கண்ணு போன் செய்தான். "அண்ணே, எண்ணெ போட்டு சுத்தித்தான் குடுத்தேன். எம்மேல ஆணை."

"தெரியும்பா. ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்" என்றான் தனசேகரன். உப்பைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டான்.

மனைவி தேவிப்ரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நல்லா யோசிச்சிக்கோங்க. வெள்ளிக்கிழமை ஒரு சுமங்கலி வச்சு அனுப்பின உப்பு. அதப் போயி குத்தம் சொன்னீங்கன்னா அந்த வூட்டுப் படி இன்னொரு தடவ ஏற முடியாது. நூலும் வராது."

"அப்ப துரைக்கண்ணு தலைய உருட்டலாமா?"

"நான் அப்பிடி சொன்னேனா? ரெண்டுத்துக்கும் நடுவுலே எதுனா சொல்லுங்க. மழைன்னு சொல்லுங்க."

மழை என்று சொல்லலாம்தான். துரைக்கண்ணு ஊரிலும் அதே மழைதானே பெய்தது, நன்றாக மூடி வைத்திருந்தால் என்ன என்பார்கள். பழி மறுபடி அங்கேயே போய் நிற்கும். இரண்டு நாளும் தனசேகரனுக்கு மெஷின் ஓடும் சத்தமே எரிச்சலாக இருந்தது. ஏழு பேரைச் சேர்க்க ஒரு வருஷம் அலைந்தான். பெட்டி இரண்டு வீடு ஏறி இறங்குவதற்குள் ஒரு பிடி உப்பு எல்லாவற்றையும் கரைத்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது? கெட்ட எண்ணத்தில் செய்தவர் என்று ஒருவர்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிவப்பிரகாசத்தின் கடை மாடியில் கூடினார்கள். சேலை விரித்துக் காட்டும் வெள்ளை மெத்தையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, துரைக்கண்ணு மட்டும் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. செய்தித்தாள் விரித்து அதன்மேல் புல்லரை வைத்தான் தனசேகரன். தனகோடி குனிந்து பார்த்தார்.

"இன்னாபா, பொதைச்சி வச்சி எடுத்தியா?"

சிலர் சிரித்தார்கள். சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. "நமக்குள்ள பிரச்சினையே கிடையாது. வெச்சிக்கத் தெரியாதவங்க ஒதுங்கிக்கணும். அவ்ளோதான்."

"ஒதுங்கிக்கறேங்க" என்றான் துரைக்கண்ணு. "எங்க வூட்லே மாட்டுக் கொட்டாய் கெடையாது, மாடும் கெடையாது. அதை மட்டும் தெரிஞ்சிக்கோங்க." படியில் கால் வைத்துவிட்டான்.

சுபலட்சுமி அப்போதுதான் காப்பித் தட்டோடு உள்ளே வந்தாள். இவள் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று தனசேகரன் ஒரு கணம் நினைத்தான். அதற்குள் துரைக்கண்ணு தெருவில் இறங்கிவிடுவான்.

"துரைக்கண்ணு, நில்லுப்பா. அவன்மேல தப்பில்லீங்கண்ணா. இது உப்புனால வந்த துரு."

"எந்த உப்பு?"

"பெட்டிலே வச்சு அனுப்பின உப்பு."

காப்பித் தட்டு அப்படியே நின்றது. சட்டைப் பையில் மஞ்சள் முடிச்சு இருந்தது. அதை எடுத்துக் காட்ட அவனுக்குக் கை வரவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை.

"நான் வச்ச உப்பா தம்பி?" என்றாள் சுபலட்சுமி.

"அண்ணி, நீங்க நல்லதுக்குத்தான் வச்சீங்க. ஆனா இரும்பும் உப்பும் ஒண்ணா இருந்தா..."

"வெறும் பெட்டியா குடுத்தனுப்பச் சொல்றியா? அதுவும் எண்ணெப் பிசுக்கு, அழுக்குக் கந்தல் சுத்தின பெட்டிய! அது ரெண்டு வூட்டுக்கும் ஆவுமா?"

"அந்தக் கந்தல்தான் அண்ணி மருந்து!"

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டான். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். யாரும் காப்பியைத் தொடவில்லை.

"என் வூட்டு மங்கலப் பொருள உன் திருகாணியோட வச்சு எடை போடறியா?" சிவப்பிரகாசம் எழுந்துகொண்டார். "எனக்கு இந்தப் பொதுப்பெட்டியே வேணாம். நான் வாங்கிக் குடுத்த ரீமரைக் குடுத்துடு."

"இருங்கண்ணா, ஒக்காந்து பேசலாம்."

"பேசறதுக்கு இன்னா கீது? ஜல்தியா அனுப்பு."

கூட்டம் கலைந்தது. தெருவில் தனசேகரன் துரைக்கண்ணுவை எட்டிப் பிடித்தான். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. துரைக்கண்ணு வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வெள்ளிக்கிழமையே உங்களுக்குத் தெரியும் இல்லண்ணே? அப்பவே குரூப்லே ஒரு வார்த்த போட்டிருக்கலாம். ரெண்டு நாளா எங்க வூட்லே யாரும் சரியா சாப்பிடல."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தனசேகரன் ரீமரை அன்றைக்கே அனுப்பிவிட்டான், எண்ணெய்த் துணி சுற்றி. அந்த வாரம் சிவப்பிரகாசத்தின் கடையிலிருந்து நூல் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தேவிப்ரியா ஓடாத மெஷின்களைத் துணியால் மூடி வைத்தாள், அவ்வளவுதான். தனசேகரன் புல்லரை டீசல் ஊற்றிய பக்கெட்டில் ஊறப் போட்டான். காலையில் எடுத்துத் திருகிப் பார்ப்பான், மறுபடி போடுவான். சம்மட்டியால் ஓர் அடி அடித்தால் விட்டுவிடும் என்றார் பட்டறைக்கு வந்த தனகோடி. "அடிக்கவா கத்துக்கினோம்?" என்று அவர்மேல் விழுந்தான்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் கம்பி ஒரு நூல் அளவு அசைந்தது. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி, மரைக்கு மரை கம்பித் தூரிகையால் தேய்த்து, முழுசாகக் கழற்றிவிட்டான். துரைக்கண்ணுவுக்குப் போன் செய்து சொன்னான். "சரிண்ணே" என்றான் அவன். போனை வைக்கப்போகும்போது, "அடுத்த மொற என்னுது எப்ப வருதுன்னு சொல்லுங்க" என்றும் சொன்னான்.

மறுநாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சுபலட்சுமி.

"தம்பி, இன்னொரு பக்கச் சக்கரம் கரகரன்னுது. அவர் கேக்க மாட்டார், கௌரவம். நேத்து பட்டறைலே விட்டு சம்மட்டியால அடிக்க வச்சிகினு இருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல, நிறுத்தச் சொல்லிட்டேன். அந்தப் பெட்டி கெடைக்குமா?"

"சடையப்பன அனுப்புங்க அண்ணி."

"உப்பு வைக்க மாட்டேன்."

"சரிங்க அண்ணி."

"ஆனா வெறும் பெட்டியா குடுக்க மாட்டேன். அது என்னால முடியாது. வேற இன்னா வைக்கட்டும், நீயே சொல்லு."

தனசேகரன் யோசித்தான். நல்ல யோசனை ஒன்று வந்தது. வாழ்நாளில் இதைவிடப் பொருத்தமாக எதையும் சொன்னதில்லை என்று அவனுக்கே பட்டது.

"எண்ணெ வைங்க அண்ணி. சின்னதா ஒரு பாட்டில். இரும்புக்கும் நல்லது, பெட்டியும் வெறுமையா இருக்காது."



"எண்ணெயா?" என்றாள் சுபலட்சுமி. "வெள்ளிக்கிழமை அதுவுமா வூட்லேர்ந்து எண்ணெ எடுத்துக் குடுக்கறதா? இன்னா தம்பி பேசற நீ? அத்தோட உறவே அறுந்துடும்!"

தனசேகரன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கழற்றித் துடைத்து வரிசையாக வைத்திருந்த புல்லரைப் பார்த்தான். மறுபடி காதில் வைத்துக்கொண்டான்.

"அப்போ பெட்டிய புதன்கிழமை திருப்பி அனுப்புங்க அண்ணி" என்றான்.