சிரிக்காதீங்க அண்ணன் உச்சிக்குப் போன நாள்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் பெரிதாகத்தான் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களை இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூலில் உட்காரவைத்து, "மோவாயக் கொஞ்சம் இறக்குங்க, நேரா பாருங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே ஊருக்கெல்லாம் சிரிக்காதீங்க அண்ணன் ஆகிவிட்டார். ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டையில் திருட்டு முழி இருக்கிறதென்றால், அந்தப் பாவம் இவரைத்தான் சேரும்.

இந்த மனிதருக்கு நாற்பத்தெட்டு வயதில் டிரோன் பைத்தியம் பிடித்தது. அதிலும் மலையுச்சிகளைப் படம் பிடிக்கிற பைத்தியம். இத்தனைக்கும் உயரம் என்றாலே அவருக்கு ஆகாது. கடையில் பல்பு மாற்ற அண்ணிதான் ஸ்டூலில் ஏறுவார். அண்ணன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஆனால் இரண்டு காலும் கெட்டியாகத் தரையில் இருக்க, கண் மட்டும் பறந்து போகிறதென்றால் கசக்குமா? முதல் தடவை ரிமோட் திரையில் ஒரு மலை முதுகு கீழே நழுவியபோது அவர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் தண்ணீரோடு ஓடிவந்தார்.

இருவரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். அடிவாரத்திலிருந்து கிளப்பினால் உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தப் பழைய பேட்டரியில் பாதி காலி. அதனால் அண்ணி டிரோனை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறி, உச்சியில் ஒரு தட்டைப் பாறையில் வைத்து, உயிர் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். அண்ணன் கீழே நின்றபடியே ரிமோட்டில் கிளப்பிப் படம் எடுப்பார். முடிந்ததும் தன் கையாலேயே ஓட்டி அடிவாரத்தில் இறக்குவார். ஊரில் இப்படிப் படம் எடுக்கிற ஒரே ஜோடி இவர்கள்தான். இப்படி ஏமாந்த ஒரே ஜோடியும் இவர்கள்தான்.

சுற்றுலா அலுவலகத்தின் புதுக் கூடத்துப் பெரிய திரைக்கு மூன்று நிமிட மலைப்படம் கேட்டிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்த முகங்களைத் தவிர வேறெதையும் இவரிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. அண்ணனுக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. மலையோ நான்கு வாரமாக மேக முக்காட்டை விலக்கவே இல்லை. கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிற அன்று காலையில் பளிச்சென்று முகத்தைக் காட்டியது.

அன்று கிடைத்த படத்தை என்னவென்று சொல்ல! பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பால் மாதிரி பொங்கி நிற்க, பருந்துகள் திரையில் காலுக்குக் கீழே வட்டமிட்டன. அண்ணி இறங்கி வந்து சேர்ந்தபோது அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மாடி, கிடைச்சிருச்சு! பருந்தோட முதுகைப் பாத்துட்டேன்!" என்று அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினார்.

"டிரோன் எங்கங்க?"

"வந்துரும், வந்துரும். வீட்டுக்குத் திரும்பற பட்டனை அமுக்கிட்டேன்."

அண்ணியின் கை அப்படியே நின்றது. வீட்டுப் படம் போட்ட அந்தப் பட்டனை அண்ணன் ஒருநாளும் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று துண்டுச்சீட்டு வேறு ஒட்டி வைத்திருந்தார். டிரோனுக்கு வீடு என்றால் கிளம்பிய இடம். அது சொன்ன பேச்சைத் தட்டாமல் உச்சிக்குப் போய், அதே தட்டைப் பாறையில் பதவிசாக உட்கார்ந்துகொண்டது. பேட்டரி பதினைந்து சதவீதம்தான், மறுபடி கிளம்ப மாட்டேன் என்றது. பருந்துகள் அத்தனையும் அதன் வயிற்றிலிருந்த மெமரி கார்டில். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது.

"நீ கொஞ்சம்..." என்று இழுத்தார் அண்ணன்.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏற நான் என்ன ஆடா? முட்டி விண்ணுவிண்ணுங்குது. நீங்கதான வீட்டுக்குப் போகச் சொன்னீங்க, நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

இருபது நிமிட ஏற்றம்தான். அண்ணன் செருப்பு வாரை இரண்டு தடவை இறுக்கிக்கொண்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஏறினார்.

"கீழ பாக்காதீங்க."

"நான் மேலயே பாக்கல."

"பின்ன எங்க பாக்குறீங்க?"

"என் செருப்பை!"

கடைசி முப்பது அடியை நாலு காலில் கடந்தார். கீழே அண்ணி ரிமோட் திரையில் கண்ணை வைத்திருந்தார். டிரோனின் கேமரா பாதை முடிகிற இடத்தைப் பார்த்தபடி கிடந்தது. முதலில் ஒரு கை வந்தது. பிறகு வழுக்கைத் தலை. அண்ணி சட்டென்று படம் பிடிக்கிற சிவப்புப் பட்டனை அமுக்கினார்.

அண்ணன் எழுந்து நின்றார். இந்த இடத்தின் ஒவ்வொரு பாறையும் அவருக்குத் திரையில் மனப்பாடம். ஆனால் காற்று திரையில் வந்ததே இல்லை. அது சட்டையை உப்பவைத்தது, காதில் கத்தியது, தலை கிறுகிறுத்தது, அத்தனையும் பிடித்திருந்தது. கையிரண்டையும் விரித்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். கல்யாணப் போட்டோவில்கூட அவரை அப்படிப் பார்த்திராத அண்ணி, கீழே திரையைத் துடைத்துவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

நாலு ஐம்பதுக்குப் படத்தைக் கொடுத்தார்கள். கடைசிப் பத்தொன்பது நொடியை அண்ணிதான் அண்ணனுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தார். அலுவலகத்தில் அதை வெட்டவில்லை.

அடுத்த வாரம் ஒரு கல்லூரிப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மோவாயை இறக்கினாள், நேராகப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, பெரிய திரையில பாறைக்குப் பின்னாடியிருந்து மொளைக்குதே, அந்தத் தலை உங்களோடதா?"

நாலு தடவை எடுத்தார். நாலு படமும் ஆடியிருந்தது. பின்னறையில் போட்டோ வெட்டிக்கொண்டிருந்த அண்ணி, கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சத்தம் போட்டார்:

"ஏங்க, சிரிக்காதீங்க!"